மை குத்தினால் முடி ஆகுமா?

பெங்களூரில் தலைமுடியை நம்பி நடக்கும் வியாபாரத்துக்குக் குறைவே இல்லை. மெஜஸ்டிக்கில் பஸ் ஏறிச் சிவாஜி நகரில் இறங்குவதற்குள் எத்தனை விளம்பரங்கள்! எண்ணெய்க்கு ஒன்று, முடி நடுவதற்கு ஒன்று, டோப்பாவுக்கு ஒன்று. கைப்பேசியைத் திறந்தால் அங்கேயும் அதே கதைதான். இந்த வரிசையில் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்திருப்பது, தலைத் தோலில் ஊசியால் மைப் புள்ளிகளைக் குத்தி முடி இருப்பது போலக் காட்டும் முறை. 'ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன்' என்று வாய் நிறையப் பெயர் வைத்திருக்கிறார்கள். கத்தி வேண்டாம், தையல் வேண்டாம், மாத்திரை வேண்டாம், இரண்டு மூன்று தடவை வந்து உட்கார்ந்தால் போதும் என்கிறார்கள். கையில் ரொக்கம் இல்லையா? மாதத் தவணையில் கட்டலாம் என்றும் சொல்கிறார்கள்.

விளம்பரத்தில் இரண்டு படங்கள். முதல் படத்தில் வழுக்கைத் தலை, வாடிய முகம். இரண்டாவது படத்தில் கருகருவென்ற தலை, மலர்ந்த முகம். பீனியாவில் லேத் ஓட்டும் இளைஞரும், அவென்யூ சாலை மொத்தக் கடையில் கணக்கு எழுதுபவரும் இந்தப் படங்களைப் பார்க்கிறார்கள். ஊரில் பெண் பார்க்கத் தொடங்கியிருக்கும் நேரம். கை தானாகத் தலைக்குப் போகிறது. மனம் சம்பளத்தைக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

பழைய பச்சை, புதிய பெயர்

தமிழருக்கு இந்தக் கலை புதிதல்ல. இது பச்சை குத்துதல்தான். ஊர்த் திருவிழாவில் குறத்தியிடம் கையை நீட்டிக் கோலமும் பெயரும் குத்திக்கொண்ட பாட்டிமார் இன்றும் பல வீடுகளில் இருக்கிறார்கள். மையை ஊசியால் தோலுக்குள் இறக்கினால் அது அழியாமல் நிற்கும் என்ற அதே தத்துவத்தில்தான் இதுவும் நடக்கிறது. இப்போது ஊசி மின்சாரத்தில் ஓடுகிறது. கையிலிருந்து தலைக்கு ஏறியிருக்கிறது. கோலத்துக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான சிறு புள்ளிகள். மொட்டை அடித்து இரண்டு நாள் ஆன தலையில் முடிக்கால்கள் கறுப்பாகத் தெரியுமே, அந்தத் தோற்றத்தை மை கொண்டு வரைகிறார்கள். அவ்வளவுதான்.

ஆகவே, முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று. இதனால் ஒரு முடிகூட முளைக்காது. இருக்கும் முடி உதிர்வதும் நிற்காது. இது வைத்தியம் அல்ல, வண்ணம். வண்ணத்தை வண்ணம் என்று சொல்லி விற்றால் குற்றம் இல்லை. 'வழுக்கைக்கு நிரந்தரத் தீர்வு' என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

நிரந்தரம் என்ற பேச்சே இதில் எடுபடாது. வெயிலிலும் நாள்பட்டும் மை மங்கும். சில ஆண்டுகளில் மறுபடியும் ஊசிக்குத் தலையைக் கொடுக்க வேண்டும். மறுபடியும் பணம் கொடுக்க வேண்டும். சரியாகக் குத்தாவிட்டால் புள்ளி பரந்து திட்டாகிவிடும். சில நேரம் கறுப்பு நீலமாகத் திரும்பும். அதை அழிக்க லேசர் வைத்தியத்துக்குப் பலமுறை போக வேண்டும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. மொட்டைத் தலையின் தோற்றத்தையே வரைவதால், மிச்சமிருக்கும் முடியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒட்ட வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் முடி வளர்ந்து, நடுவில் மை தனியாகத் தெரியும். முடி இல்லாதவருக்குச் சவரச் செலவு கூடுகிறது என்றால் வேடிக்கைதான்!

வயதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து வயதில் நெற்றிக்குத் தாழ்வாக ஒரு கோடு போட்டுக் கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயதில் மீசை நரைக்கும், தாடி நரைக்கும், இருக்கிற முடியும் பின்னால் போய்விடும். நெற்றியில் போட்ட கோடு மட்டும் போட்ட இடத்திலேயே நிற்கும்.

யாருக்கு இது உதவும்?

இவ்வளவு சொன்னதால் இந்த முறையே மோசடி என்று தள்ளிவிடக் கூடாது. விபத்தில் தலையில் அடிபட்டுத் தழும்பாகிப் போனவர்கள், தீக்காயம் பட்டவர்கள், அறுவை நடந்த இடத்தில் முடி முளைக்காதவர்கள் உண்டு. தலை முழுவதும் முடி கொட்டி, வைத்தியத்துக்கும் அசையாதவர்கள் உண்டு. வகிடு அகன்று தோல் தெரியும் பெண்கள் உண்டு. இவர்களுக்குத் தேர்ந்த கையால் குத்தப்படும் மை மனத்துக்கு ஆறுதல் தரும். அதை ஏளனம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. மைதான் என்று தெரிந்து, கையிருப்புப் பணத்தில், தலையை வழித்துக்கொள்ளவும் தயாராக இருக்கும் ஒருவர் செய்துகொண்டால் அதுவும் அவர் விருப்பம். கண்ணுக்கு மை இடுவதில்லையா? நரைக்குச் சாயம் பூசுவதில்லையா?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நேரே ஊசிக்குப் போகிறவர், முடி ஏன் கொட்டுகிறது என்று ஒரு டாக்டரிடமாவது கேட்டாரா?

தண்ணீர் மீது பழி

பெங்களூர்த் தமிழர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், பத்தில் எட்டுப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "எல்லாம் இந்த ஊர்த் தண்ணீர்!" காவிரித் தண்ணீர் எட்டாத பேட்டைகளில் ஆழ்துளைக் கிணற்று நீரும் டேங்கர் நீரும்தான் குளிக்கக் கிடைக்கின்றன. உப்பு நீரில் சோப்பு நுரைக்காது, முடி சொரசொரப்பாகும். அது உண்மைதான். ஆனால், முடி வேரோடு போவதற்கும் முன்நெற்றி ஏறுவதற்கும் தண்ணீர் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவமனை டாக்டர்கள் 15 பேரின் முடியை எடுத்து, ஒரு பகுதியைக் கடின நீரிலும் மறு பகுதியைக் காய்ச்சி வடித்த நீரிலும் நாள்தோறும் நனைத்து 30 நாள் சோதித்தார்கள். முடியின் வலுவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2013-ஆம் ஆண்டு வெளியான அவர்களது ஆய்வு கூறுகிறது.

ஆண்களுக்கு நெற்றி ஓரத்திலும் உச்சியிலும் ஏறும் வழுக்கை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஆண் தன்மைக்குரிய ஹார்மோன் ஒன்று, அதற்கு இடம் கொடுக்கும் முடிக்கால்களைச் சிறுகச் சிறுக மெலிய வைக்கிறது. பாலக்காட்டுக்குப் போனாலும் இது நிற்காது. பம்பாய்க்குப் போனாலும் நிற்காது. ஆரம்பத்திலேயே பார்த்தால் இதற்கு மருந்து உண்டு. இரத்த அழுத்தத்துக்கென்று வந்த மினாக்சிடில் என்ற மருந்து, உடம்பில் முடி வளர்ப்பதைக் கண்டு, தலையில் தடவும் மருந்தாக அமெரிக்காவில் 1988-இல் அனுமதி பெற்றது. ஃபினாஸ்டரைடு என்ற மாத்திரை 1997-இல் அனுமதி பெற்றது. இவையும் மந்திரம் அல்ல. சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. விட்டால் பலன் போய்விடும். மாத்திரைக்குப் பக்க விளைவுகளும் உண்டு. ஆகவே டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது.

முடி கொட்டுவதெல்லாம் பரம்பரை வழுக்கையும் அல்ல. டெங்குவோ டைபாய்டோ வந்து போன இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பிரசவத்துக்குப் பிறகும் கொட்டும். பெரும்பாலும் சில மாதங்களில் தானே திரும்ப முளைக்கும். வட்டமாகக் கொட்டும் புழுவெட்டும் பலருக்கு வைத்தியத்தில் சரியாகிவிடுகிறது. தைராய்டுக் கோளாறாலும் இரத்தசோகையாலும் கொட்டுவது உண்டு. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தெரிவித்தது. கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குக் காலையில் பட்டினியாக ஓடும் பெண்ணுக்கு வகிட்டில் மை குத்தினால் இரத்தசோகை தீருமா? தானே முளைக்கப் போகும் தலையில் மையைக் குத்துவது, மழை வரும் நாளில் வயலுக்குத் தண்ணீர் வாங்குவது போன்றது.

இதைக் கண்டறியப் பெரிய செலவு தேவையில்லை. விக்டோரியா, பௌரிங் முதலிய அரசு மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளிக்கு ராஜாஜி நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. ஸ்ரீராமபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் பணத்துக்குரிய உரிமை அது. அதை விட்டுவிட்டு, விளம்பரக்காரரிடம் போய் 'எனக்கு என்ன வைத்தியம்?' என்று கேட்டால், அவர் தன் கடையில் உள்ளதைத்தானே சொல்வார்?

ஊசி யாருடையது? மை எங்கிருந்து வந்தது?

தலைத் தோலைத் துளைக்கும் ஊசி, இரத்தத்தைத் தொடும் ஊசி. ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி, சி ஆகியவையும் எய்ட்ஸ் கிருமியும் பரவ வழி உண்டு. பச்சை குத்திக்கொண்டவரிடம் ஓராண்டுக்கு இரத்ததானம் பெறக்கூடாது என்று இரத்த வங்கிகளுக்கு விதி இருப்பதே இந்த அச்சத்தால்தான். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களும், சொரியாசிஸ் போன்ற தோல் நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பக்கம் வரவே கூடாது.

மையும் சாதாரண விஷயமல்ல. பச்சை குத்தும் மைகளைச் சோதித்ததில் ஆர்செனிக், குரோமியம், செலினியம் உட்பட 22 வகை உலோகங்கள் காணப்பட்டதாகக் கர்நாடக சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவ் 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கூறினார். இந்த மைகளுக்குத் தரக் கட்டுப்பாடு தேவை என்று மத்திய அரசை வலியுறுத்தப் போவதாகவும் சொன்னார். மாநில அமைச்சரே அவ்வாறு சொல்லும் நிலையில், தன் தலைக்குள் இறங்கும் மை எந்தக் கம்பெனியுடையது என்று வாடிக்கையாளர் கேட்பதில் தவறென்ன?

முடி விஷயத்தில் அலட்சியம் உயிரையே கேட்டதும் உண்டு. 2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவர் அதன்பின் இறந்துபோனார். பிற ஊர்களிலும் அத்தகைய மரணங்கள் நேர்ந்தன. அதன் பிறகு, 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் முடி நடுவதற்கு நெறிமுறைகளை வகுத்தது. பயிற்சி பெற்ற, பதிவு பெற்ற டாக்டர்களே செய்ய வேண்டும் என்றது. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்வது பயிற்சி ஆகாது என்றுகூடச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மை குத்துவது அறுவை அல்ல. ஆபத்தும் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் அந்தக் காரணத்தாலேயே அது பல இடங்களில் அழகுக்கலை என்ற பெயரில், டாக்டரின் கண்ணில் படாமல் நடக்கிறது. வழுக்கையைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் கூறக்கூடாது என்று 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை தடுக்கிறது. மருந்துக்குப் போட்ட இந்த வேலியை, மைக்கும் போட்டால் என்ன? குத்துபவருக்குப் பயிற்சிச் சான்று, கடைக்குப் பதிவு, மைக்குத் தர முத்திரை, ஆளுக்கு ஒரு புதிய ஊசி, 'இதனால் முடி வளராது' என்ற வாசகம் விளம்பரத்திலேயே. மாநில அரசு கேட்க வேண்டியவை இவ்வளவுதான். இதில் ஒன்றும் பெரிய செலவில்லை.

தவணைக் கணக்கு

பணத்துக்கு வருவோம். இதற்குப் பல ஆயிரங்கள் ஆகின்றன. நல்ல இடம் என்றால் பல பத்தாயிரங்கள். வாடகை, அரிசி, பிள்ளைகளின் பீஸ், ஊருக்கு அனுப்பும் பணம், சீட்டுப் பணம் எல்லாம் போக மாதக் கடைசியில் கையில் நிற்பது எவ்வளவு என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள், தலைக்குக் கடன் வாங்கித் தவணை கட்டுவது நியாயமா? காலுக்குச் செருப்பு வாங்கும்போது பேரம் பேசுகிறவர், தலைக்கு என்றதும் வாய் திறவாமல் கையெழுத்துப் போடுவது ஏன்?

அரசின் வரிச் சட்டமே இதில் ஒரு பாடம் சொல்கிறது. மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. ஆனால் முடி நடுதலுக்கும் அழகுக்கான அறுவைக்கும் அந்த விலக்கு இல்லை. விபத்தாலோ பிறவிக் குறையாலோ ஏற்பட்ட சிதைவைச் சீராக்குவதற்கு மட்டும் விலக்கு உண்டு. தேவை எது, ஆசை எது என்று சட்டம் கோடு போட்டிருக்கிறது. குடும்பத் தலைவரும் தம் வரவு செலவில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளலாம்.

யாருடைய வெட்கம்?

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஊசிக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. 'சொட்டை' என்று கூப்பிடும் நண்பர்கள் யார்? போட்டோவைப் பார்த்துவிட்டு 'மாப்பிள்ளைக்கு வயது அதிகமோ?' என்று கேட்கும் உறவினர் யார்? வழுக்கைத் தலையைத் தட்டிச் சிரிக்க வைக்கும் சினிமாவுக்கு விசில் அடித்தவர்கள் யார்? வியாபாரி மையைத்தான் விற்கிறார். வெட்கத்தை இலவசமாகக் கொடுத்து அனுப்புவது சுற்றமும் நட்பும் அல்லவா?

இது தமிழருக்கு மட்டும் உள்ள நோயல்ல. 2017-இல் வெளிவந்த 'ஒந்து மொட்டெய கதெ' என்ற கன்னடப் படம் இதே துன்பத்தைத்தான் சொன்னது. தலையில் முடி இல்லாத ஒரு கல்லூரி ஆசிரியர் பெண் தேடி அலையும் கதை. கன்னடத்தில் மொட்டெ என்றால் முட்டை, தலையைத்தான் சொல்கிறார்கள். ராஜ் பி. ஷெட்டி எடுத்து அவரே நடித்த அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்த கன்னடியரும் தம்மைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டார்கள்.

பெங்களூர் நகரப் பஸ்ஸில் கண்டக்டராக டிக்கெட் கிழித்த ஒருவரை இங்கே நினைவுகூரலாம். 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' மூலம் திரைக்கு வந்த ரஜினிகாந்த், படத்தில் கதைக்கு வேண்டிய முடியோடு வருகிறார். மேடைக்கும் பொது இடத்துக்கும் தம் சொந்த வழுக்கையோடும் நரையோடும்தான் வருகிறார். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் அவருக்குக் கட்-அவுட் வைத்துப் பாலாபிஷேகம் செய்யும் ரசிகர்கள் அதற்காக ஒரு குடம் பாலையும் குறைத்ததில்லை.

"அவர் சூப்பர் ஸ்டார்; அவருக்குச் செல்லும். கடைக் குமாஸ்தாவுக்குச் செல்லுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெயரும் பணமும் உள்ளவர் வழுக்கையைச் சுமப்பது எளிது. அவை இல்லாதவருக்கு முடிதான் சொத்து போலத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் குமாஸ்தாவைச் சுற்றியிருப்பவர்களும் அதே ரஜினி ரசிகர்கள்தானே? திரையில் இருப்பவரின் தலையைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, பக்கத்து மேஜைக்காரரிடமும் பெண் கேட்டு வந்தவரிடமும் அந்தப் பெருந்தன்மை ஏன் வருவதில்லை? அது வந்துவிட்டால் பாதித் தவணை அங்கேயே மிச்சம்.

தம் நிலையிலிருந்து தாழ்ந்தவர்களைத் தலையிலிருந்து விழுந்த மயிருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அல்சூர் ஏரிக்கரையில் சிலையாக நிற்கும் அவர் வார்த்தையைச் சற்று நின்று யோசித்தால் ஓர் உண்மை விளங்கும். விழுந்ததற்குத்தான் இழிவு சொன்னார். மயிரை இழந்து நிற்கும் தலைக்கு ஓர் இழிவும் சொல்லவில்லை.

ஆகவே, மை குத்திக்கொள்ள நினைப்பவர் முதலில் தோல் டாக்டரிடம் போகட்டும். பிறகு கடைக்குப் போனால், ஊசி புதிதா, மை எது, குத்துபவர் எங்கே கற்றார், எத்தனை ஆண்டு நிற்கும், கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று ஐந்து கேள்விகளைக் கேட்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கட்டும். பதில் சொல்லத் தயங்குகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடட்டும். பெண் பார்க்கப் போகும்போது, குத்தியது மை என்பதைப் பெண் வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லட்டும். இவ்வளவையும் செய்த பிறகும், கடனில்லாத பணம் கையில் இருந்து, மனமும் விரும்பினால் தாராளமாகக் குத்திக்கொள்ளட்டும். மையை மை என்று தெரிந்து வாங்குகிறவரை யாரும் ஏமாற்ற முடியாது.